இருந்திருந்தால்…!

“அந்த மனிதர் மட்டும் இருந்திருந்தால்!”

எண்ணூரிலே, உப்பங்கழியோரத்திலே, ஓலைக் குடிசையின் திண்ணையிலே அமர்ந்து, என் தந்தையார் நாள் தவறாது சொல்லிவந்த சொல் இது. துறைமுகத்தில் பகலெல்லாம் மூட்டை சுமந்துவிட்டுத் தோள் வீங்கி வீடு திரும்புவார். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். வலி பொறுக்க மாட்டாத வேளையில் பிறர் முருகனை அழைப்பர், முனியாண்டியை அழைப்பர். என் தந்தையார் அழைத்ததோ ஆங் சானை!

குடிசைச் சுவரிலே ஒரு படம் இருந்தது. ஏதோ ஒரு பர்மியச் செய்தித்தாளிலிருந்து வெட்டியெடுத்து, அட்டையில் ஒட்டி, கப்பலேறி வந்த படம். இராணுவ மேலங்கி அணிந்த மெலிந்த இளைஞர். சிரிப்பு இல்லாத முகம். அதற்குப் பக்கத்திலே அம்மாவின் முருகன் படம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஆணி இடைவெளி. அந்த இரண்டு படங்களுக்கும் இடையில் வளர்ந்தவன் நான்.

தோழர்களே! ஆங் சான் யார் என்று இன்றைய இளைஞரைக் கேட்டால், அவருடைய மகள் பெயரைச் சொல்வர். தகப்பனைத் தெரிந்தவர் குறைவு. ஆகவே சொல்கிறேன்.

1915 பிப்ரவரி 13 இல் நாத்மவுக் என்னும் சிற்றூரில் பிறந்தவர். மாணவராக இருந்தபோதே வெள்ளை ஆட்சியை எதிர்த்தவர். ஜப்பானிடம் போர்ப்பயிற்சி பெற்ற “முப்பது தோழர்”களின் தலைவர். ஜப்பானும் எசமானனாகவே வந்திருக்கிறது என்பது விளங்கியதும், 1945 மார்ச் 27 இல் அதே படையை அதே ஜப்பான்மீது திருப்பியவர். 1947 ஜனவரி 27 இல் லண்டனில் பிரதமர் அட்லியோடு உடன்பாடு கண்டு, ஓராண்டுக்குள் விடுதலை என்ற உறுதியோடு திரும்பியவர். பிப்ரவரி 12 இல் பாங்லோங் என்னும் ஊரில் ஷான், கச்சின், சின் மலைநாட்டுத் தலைவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர். ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் அவர் அணிக்கே பெருவெற்றி. விடுதலை பெற்ற பர்மாவின் முதல் பிரதமர் அவர்தான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

ஜூலை 19, சனிக்கிழமை. இரங்கூன் தலைமைச் செயலகத்தில் இடைக்கால அமைச்சரவை கூடியிருந்தது. முற்பகல் பத்தரை மணி கடந்த நேரம். இயந்திரத் துப்பாக்கிகளோடு சிலர் அறைக்குள் புகுந்தனர். சில நொடிகள். ஆங் சானும் அவருடைய அண்ணன் பா வினும், தோழர்களும் சாய்ந்தனர். மொத்தம் ஒன்பது பேர். அவர்களிலே மான் பா கைங் என்ற கரேன் இனத் தலைவர் உண்டு. ஷான் நாட்டுச் சிற்றரசர் ஒருவர் உண்டு. அப்துல் ரசாக் என்ற பள்ளியாசிரியர் உண்டு. இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்து கல்வி அமைச்சரானவர். அந்த ரசாக்கின் மெய்க்காவலனாக இருந்த பதினெட்டு வயதுப் பையனும் உண்டு. ஒரு நாட்டின் எத்தனை கிளைகள் ஒரே அறையில் வெட்டப்பட்டன, பாருங்கள்!

ஏவியவர் ஊ சா, முன்னாள் பிரதமர். ஆங் சான் ஒழிந்தால் ஆட்சி தன்னைத் தேடி வரும் என்று கணக்குப் போட்டவர். கணக்குப் பொய்த்தது. ஆட்சி ஊ நு கைக்குப் போயிற்று. ஊ சா 1948 மே 8 இல் தூக்குமேடைக்குப் போனார். ஆங் சானுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. விடுதலை நாளுக்கு இன்னும் ஐந்தரை மாதம் இருந்தது.

* * *

எங்கள் கதை இதற்குப் பதினேழு ஆண்டு பிந்தியது.

1962 மார்ச் 2 இல், அதே முப்பது தோழருள் ஒருவரான நீ வின் ஆட்சியைப் படைபலத்தால் பறித்தார். 1964 மார்ச்சில் இரங்கூன் கடைகள் அரசுடைமையாயின. மே 17 இல் ஐம்பது, நூறு சியாத் நோட்டுகள் செல்லாதவை என்ற அறிவிப்பு வந்தது. என் தந்தையார் இராமநாதபுரம் சீமையிலிருந்து பன்னிரண்டு வயதில் போய், லேவாதேவிக் கடையொன்றில் எடுபிடியாக இருந்து, போருக்குப் பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த மளிகைக் கடை அது. காலையில் கடை திறக்கப் போனவர் மாலையில் ஒரு ரசீதோடு திரும்பினார். அந்த ஆண்டே கப்பல். அறுபதுகளில் அங்கிருந்து வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதி நம்மவர். அம்மாவின் காதிலிருந்த தோட்டைக்கூடத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

“தாயகம் திரும்பியோர்” என்று எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அம்மா பெகுவில் பிறந்தவர். கப்பலை விட்டு இறங்கிய அன்றுதான் தமிழ்நாட்டையே முதன்முதலாகப் பார்த்தவர். அவர் எங்கே திரும்பினார்?

வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் எங்களவர் குடியேறினர். எண்ணூரில் பர்மா நகர் என்றே ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. 1969 இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் எழுந்தது. அம்மா அத்தோவும் மொய்ங்காவும் செய்து கூடையில் வைத்து இராயபுரம் வரை சுமந்து விற்றார். இன்று நாக்கைச் சப்புக்கொட்டித் தின்கிறீர்களே, அந்த அத்தோ, வயிற்றுப்பாட்டுக்காக எங்கள் தாய்மார் தெருவில் இறக்கி வைத்த கூடையிலிருந்து வந்தது.

அந்தக் குடிசையில் இரண்டு சொற்கள் இருந்தன. “எல்லாம் தலையெழுத்து” என்பது அம்மாவின் சொல். “அவர் இருந்திருந்தால்” என்பது அப்பாவின் சொல். இளமையில், படிப்பகமே கோயில் என்றிருந்த வயதில், அம்மாவின் சொல்லைக் கேட்டுச் சினந்தேன். பிரமன் எழுதினான் என்றால் எந்த மொழியில் எழுதினான், எதைக் கொண்டு எழுதினான் என்று கேட்டு அவரை அழவும் வைத்தேன். அப்பாவின் சொல்லோ எனக்கு அரசியல் அறிவாகத் தோன்றியது. அதிலே கடவுள் இல்லை, கிரகம் இல்லை. வரலாறு இருக்கிறது, காரணம் இருக்கிறது, மனிதர் இருக்கிறார் என்று மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி சரிதானா? எழுபதை எட்டும் வயதில் அதைத்தான் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

* * *

இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலில் அப்பாவின் பக்கம் நின்றே பேசுவோம்.

மதமும் அரசியலும் ஒட்டக்கூடாது என்பதில் ஆங் சான் உறுதியாக இருந்தவர். அவருக்குப் பின் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1948 ஜனவரி 4 இல் பர்மாவின் விடுதலைக் கொடி ஏறிய நேரம் எது தெரியுமா? விடியற்காலை நாலு மணி இருபது நிமிடம்! சோதிடர் குறித்துக் கொடுத்த முகூர்த்தம்! நாடு விழிப்பதற்கு முன்பே நாட்டுக்கு விடுதலை கிடைத்துவிட்டது! மூன்றே மாதத்தில் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் தூக்கினர். 1949 ஜனவரியில் கரேன் மக்களின் கிளர்ச்சி வெடித்தது. நல்ல நேரம் எங்கே போயிற்று? ஊ நு நல்லவர், நேர்மையாளர், ஆனால் பக்திமான். 1961 இல் பௌத்தத்தை அரசு மதமாக்கினார். கிறித்தவரான கச்சின் மக்கள் பலர் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டில் நாட்டின் கேடு நீங்க அறுபதாயிரம் மணற்கோபுரங்கள் எழுப்பச் சொன்னார். மறு மார்ச்சில் நீ வின் படை வந்தது. அறுபதாயிரத்தில் ஒரு கோபுரமாவது ஒரு டாங்கியை மறித்ததா?

நீ வின் மட்டும் பகுத்தறிவாளரா? சோசலிசம் பேசிக்கொண்டே எண்சோதிடம் பார்த்தவர். 1987 செப்டம்பரில் இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து சியாத் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாதவையாக்கிவிட்டு, நாற்பத்தைந்து, தொண்ணூறு என்று நோட்டு அடித்தார். ஒன்பதால் வகுபடும் எண் அவருக்கு ராசியாம்! ஏழையின் சேமிப்பு ஒரே நாளில் குப்பையாயிற்று. அடுத்த ஆண்டு நாடே தெருவில் இறங்கியது.

ஆங் சான் இருந்திருந்தால் இந்த மூடக் கூத்து இவ்வளவு தூரம் போயிராது என்று நம்ப இடமுண்டு. படையை உருவாக்கியவர் அவர். படை அவர் சொல்லைக் கேட்டிருக்கும். காட்டுக்குப் போன கம்யூனிஸ்டுத் தலைவர் தான் துன் அவருடைய மைத்துனி கணவர். பேசித் தீர்க்க வழியிருந்திருக்கும். பாங்லோங்கில் கையெழுத்திட்ட மலைநாட்டார் நம்பியது ஒரு தாளை அன்று, அந்தத் தாளை நீட்டிய மனிதரை.

இவ்வளவும் அப்பாவின் பக்கம். இனி மறுபக்கம்.

பாங்லோங் ஒப்பந்தத்தில் கரேன் மக்கள் கையெழுத்திடவில்லை. பார்வையாளராகவே வந்து போயினர். அந்தப் புண் ஆங் சான் காலத்திலேயே ஆறாத புண். விடுதலைப் போரின் வீரர் ஆட்சிக்கு வந்தால் வீரராகவே இருப்பாரா? இந்தோனேசியாவின் சுகர்ணோவைப் பாருங்கள். கானாவின் நிக்ருமாவைப் பாருங்கள். மக்கள் தோளில் ஏறி வந்தவர்கள், பிறகு மக்களுக்கு ஒரே கட்சி, ஒரே குரல் போதும் என்றனர். ஆங் சானும் மாசற்ற மாணிக்கம் அல்லர். 1942 இல் தாதோன் பகுதியில், விசாரணை என்ற பெயரில் ஊர்த்தலைவர் ஒருவரைத் தம் கையாலேயே கொன்றார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதன் பொறுப்பை அவர் மறுக்கவில்லை. செத்தவர் இந்திய வழியில் வந்த முஸ்லிம்.

எங்கள் கடை? அது தப்பியிருக்குமா?

1931 கணக்கெடுப்பில் இரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில், முப்பதுகளின் விலை வீழ்ச்சிக்குப் பிறகு, நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு செட்டியார் கடைகளின் கைக்கு வந்திருந்தது. உழுதவன் பர்மியன், பத்திரம் காரைக்குடியில்! இந்த அநியாயத்தைச் சோசலிசம் பேசிய ஆங் சான் விட்டு வைத்திருப்பாரா? விட்டு வைத்திருந்தால் அவர் எங்களுக்கு நல்லவர், தம் மக்களுக்குத் துரோகி. இந்தியர் வருகையைக் கட்டுப்படுத்தும் குடியேற்றச் சட்டம் பிறந்ததே 1947 ஜூன் மாதத்தில், அவர் உயிரோடு அமைச்சரவையை நடத்திக்கொண்டிருந்தபோது!

பகைமையும் அந்தத் துப்பாக்கி வெடிப்பில் பிறந்ததன்று. 1930 மே மாதம் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பர்மியரைக் கொண்டுவந்து நிறுத்தினர். பிறகு தெலுங்கரோடு உடன்பாடு கண்டு, பர்மியரைத் துரத்தினர். கலவரம் மூண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கூலிகள் மாண்டனர். ஏழையும் ஏழையும் வெட்டிக்கொண்டனர். கப்பல் முதலாளிக்குக் கீறலும் இல்லை. அப்போது ஆங் சான் பதினைந்து வயதுப் பள்ளிச் சிறுவர்.

ஆக, ஒருவர் இருந்திருந்தால் பல மாறியிருக்கும். ஆனால் எங்கள் கப்பல் நின்றிருக்கும் என்று சொல்ல என் அறிவு இடந்தரவில்லை.

இந்தக் கேள்விக்கு வரலாறே ஓர் ஒத்திகையும் நடத்திக் காட்டிற்று. தகப்பன் சுடப்பட்டபோது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த ஆங் சான் சூ கீ, 1988 இல் மக்கள் முன் வந்தார். தகப்பன் முகம், தகப்பன் பெயர். பல்லாண்டு வீட்டுச்சிறை, 1991 இல் நோபல் பரிசு, 2016 இல் ஆட்சி. “ஆங் சானே திரும்பிவிட்டார்” என்று பர்மா நகர்க் கிழவர்கள் இனிப்பு வழங்கினார்கள். அடுத்த ஆண்டு ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடினர். 2019 டிசம்பரில் ஹேக் நகர உலக நீதிமன்றத்தில் தம் நாட்டின் சார்பில் நின்று, அது இனப்படுகொலை அன்று என்று வாதிட்டவர் அந்த மகளே! 2021 பிப்ரவரி 1 இல் அதே படை அவரையும் சிறையில் அடைத்தது. அரசனுக்குப் பின் மகன் என்பதைப் பழிக்கிற நாம், தலைவனுக்குப் பின் அவன் இரத்தம் என்று நம்பலாமா? கொள்கை இரத்தத்தில் ஓடுவதில்லை, தோழர்களே!

* * *

1983 இல் அப்பா மறைந்தார். சடங்கு செய்யவில்லை, அம்மாவும் வற்புறுத்தவில்லை. அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தேன். இருபது ஆண்டாக அவர் எவரையும் தொடவிடாத பெட்டி. கடை ரசீது இருந்தது. சாவிக்கொத்து இருந்தது, பூட்டில்லாத சாவிகள். அவற்றுக்கு அடியிலே, நான்காய் மடித்த ஒரு தாள். பர்மியக் குடியுரிமை வேண்டுவோர் நிரப்ப வேண்டிய விண்ணப்பத் தாள். நிரப்பப்படாத தாள்.

அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பேசாதிருந்தவர் பிறகு சொன்னார்:

“கல்யாணமான புதுசில வாங்கிட்டு வந்தார். நான்கூடக் கேட்டேன், போடலியான்னு. ‘இங்க சம்பாதிக்கிறது, ஊர்ல நிலம் வாங்குறது, நாம எதுக்கு பர்மாக்காரனாகணும்’னார். பின்னால கேக்கல.”

1947 இல் எழுதப்பட்ட பர்மிய அரசியல் சட்டத்தின் பதினோராவது பிரிவு கதவை மூடிவிடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பில் பிறந்து, போருக்கு முந்திய பத்தாண்டில் எட்டாண்டு பர்மாவில் வாழ்ந்து, இனியும் அங்கேயே வாழ விரும்புகிறவர் குடியுரிமை கேட்கலாம். அப்பாவுக்கு அந்தத் தகுதி இருந்தது. ஆயிரமாயிரம் பேருக்கு இருந்தது. கேட்டவர் சிலர். மற்றவர் மணியார்டர் பாரத்தை நிரப்பினர். இந்தத் தாளை நிரப்பவில்லை.

நிரப்பியிருந்தால் மட்டும் கடை தப்பியிருக்கும் என்று சொல்லமாட்டேன். குடிமக்களின் கடைகளும் போயின. 1982 இல் வந்த சட்டம் குடிமக்களையே மூன்று தட்டாகப் பிரித்தது. ஆனால் ஒன்று புரிந்தது. அப்பா வாழ்நாள் முழுதும் ஆங் சானைப் பற்றி வருந்தியது, அந்தத் தாளைப் பற்றி வருந்தாமலிருப்பதற்காக. ஆங் சான் நீட்டிய கையை அப்பா பற்றவில்லை. பற்றாத கையைப் பிறகு படமாக்கிச் சுவரில் மாட்டினார்.

அன்றுதான் விளங்கிற்று, சுவரிலிருந்த இரண்டு படங்களுக்கும் இடைவெளி ஓர் ஆணியளவே என்று. ஆண்டவன் எழுதினான் என்பதும், அந்த ஒருவர் இருந்திருந்தால் என்பதும், நம் கையை நாமே பார்க்காமலிருக்க நாம் கண்டுபிடித்த வழிகள். பிரமனைக் கேலி செய்து அம்மாவை அழவைத்த நான், அப்பாவை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

அதனால் “இருந்திருந்தால்” என்ற வினாவே கூடாது என்று கூறுகிறேனா? இல்லை. 1991 மே 21 இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தேர்தல் முடிந்து அவர் பிரதமராகியிருக்கக்கூடும். 1968 இல் அமெரிக்காவில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். இவர்கள் இருந்திருந்தால் என்ன என்று எண்ணிப் பார்ப்பது காரணகாரியம் அறிய உதவும். எது ஒரு மனிதரால் ஆனது, எது நாட்டின் நிலையால் ஆனது என்று பிரித்துப் பார்க்கலாம். ஆனால் அந்த வினா பெருமூச்சில் முடிந்தால் அது பக்தி. பெருமூச்சுக்குப் பிறகு, “அவர் செய்யாமல் விட்டதில் என் பங்கு எது?” என்று தொடர்ந்தால்தான் அது பகுத்தறிவு.

என் பங்கு எது? அது ஒரு தேநீர்க் கடையில் வந்து நின்றது.

திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம். தொழிற்சாலை முறை மாறும் நேரம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இரண்டு பையன்கள் தேநீருக்கு நின்றார்கள். தலையிலே தூசி, கையிலே காய்ப்பு. நம் இளைஞர் ஒருவர், படிப்பகத்துக்கு வருகிறவர், நல்ல பேச்சாளர், உரக்கச் சொன்னார்: “இவனுங்க வந்துதான் நம்ம பொழப்பு போச்சு. எல்லாத்தையும் ரயில்ல ஏத்தி அனுப்பணும்.” கடையே சிரித்தது. பையன்களுக்குச் சொல் புரியவில்லை, சிரிப்பு புரிந்தது.

இரங்கூன் தெருவில் “கலா” என்று கூவிக்கொண்டு சிறுவர்கள் என் பின்னால் ஓடிவந்தது நினைவுக்கு வந்தது. எனக்கும் அன்று அந்தச் சிரிப்புத்தான் புரிந்தது.

எழுந்துபோய் அந்த இளைஞரின் அருகில் உட்கார்ந்தேன். “தம்பி, தில்லி அதிகாரம் செய்தால் எதிர்ப்போம். இந்தியைத் திணித்தால் எதிர்ப்போம். வயிற்றுக்காக வந்தவன் அதிகாரியா? குறைந்த கூலிக்கு இவனைப் பிடித்து, நிரந்தர வேலையை ஒழித்தவன் எவன் என்று கேள். 1930 இல் இரங்கூன் துறைமுகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க எவனும் இல்லை” என்றேன். கதை முழுவதையும் சொன்னேன். தேநீர் ஆறிவிட்டது. அவர் ஒப்புக்கொண்டாரா? இல்லை. “உங்க கதை வேற, பெரியவரே” என்றார். ஆனால் மறுவாரம் படிப்பகத்துக்கு வந்தபோது, “அந்த 1930 கலவரம் பற்றிப் படிக்க ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார்.

அப்பாவின் விண்ணப்பத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மடிப்புகள் கிழிந்துவிட்டன. பெயர், பிறந்த ஊர், பர்மாவுக்கு வந்த ஆண்டு என்று அச்சிட்ட இடங்களெல்லாம் வெறுமையாகவே இருக்கின்றன. வரும் ஞாயிறு அதைப் படிப்பகத்துக்கு எடுத்துச் செல்லப் போகிறேன். அந்த இளைஞர் பார்க்கட்டும். முடிந்தால் அந்த இரண்டு பையன்களையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.